பூஜ்யமா, ஒன்றா?

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வீட்டுப் பரணில் கால் நூற்றாண்டாகச் சாக்கு போர்த்திக் கிடந்த கம்ப்யூட்டர் ஒன்று 2023 மார்கழியில் கீழே இறங்கியது. இறக்கியவன் ராஜபாளையத்திலிருந்து வந்த பேரன். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறவன். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறினால் பன்னிரண்டு கிலோமீட்டர், அரை மணி நேரத்தில் தாத்தா வீடு. அந்த மார்கழி முழுக்க நாலு சனிக்கிழமையும் அவன் பையில் பால்கோவா டப்பாவுக்குப் பதிலாக ஸ்க்ரூ டிரைவரும் மல்டி மீட்டரும்தான் போய் வந்தன.

தாத்தா ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். பரணில் இருந்தது பிபிசி மைக்ரோ மாடல் பி. பெயரைப் பார்த்து ரேடியோ என்று நினைத்துவிட வேண்டாம். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் இருந்த ஏகார்ன் என்ற கம்பெனி, பிபிசியின் கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்துக்காகச் செய்து 1981 டிசம்பரில் வெளியிட்ட வீட்டுக் கம்ப்யூட்டர் அது. கீபோர்டும் உள்ளே இருக்கும் போர்டும் ஒரே டப்பா. 2 மெகாஹெர்ட்ஸ் 6502 சில்லு, 32 கிலோபைட் நினைவகம். இன்று செல்போனில் எடுக்கிற ஒரு செல்ஃபியைக்கூட அதில் வைக்க முடியாது. ஆனால் அதே செல்போனுக்குள் இருக்கும் ஆர்ம் சில்லுக்கு இது ஒருவகையில் பெரியம்மா முறை. இதை வடிவமைத்த சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும்தான் பிறகு ஆர்மையும் வடிவமைத்தார்கள். 1985 ஏப்ரலில் முதல் ஆர்ம் சில்லு வந்தபோது அதைச் சோதித்துப் பார்த்ததும் ஒரு பிபிசி மைக்ரோவோடு இணைத்துத்தான்.

இந்த இங்கிலாந்து இயந்திரம் இந்தப் பக்கம் எப்படி வந்தது? 1984-ல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. பள்ளிகளில் கம்ப்யூட்டர் அறிவு என்பது நோக்கம். முதல் கட்டமாக நாடு முழுக்க சுமார் 250 பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ போனது. சண்டிகர் பக்கம் மொஹாலியில் இருக்கும் அரசு நிறுவனமான எஸ்.சி.எல். இதையே 'யூனிகார்ன்' என்ற பெயரில் இங்கே தயாரிக்கவும் செய்தது. பயிற்சிக்குப் போன ஆசிரியர்களில் தாத்தாவும் ஒருவர். அவர் வேலை பார்த்த பள்ளிக்குப் பிறகு ஐபிஎம் பிசி வகை கம்ப்யூட்டர்கள் வந்ததும், இது ஸ்டோர் ரூமுக்குப் போய், அங்கிருந்து ஏலத்துக்குப் போனது. ஏலம் கேட்க வந்த ஒரே ஆள் தாத்தா.

சரி, விஷயத்துக்கு வருவோம். பேரனுக்குக் கம்ப்யூட்டர் மேல் ஆசை இல்லை. அவனுக்கு வேண்டியிருந்தது அதனோடு கிடந்த ஒரு ஃப்ளாப்பி.

அப்பத்தாவுக்குக் கோல நோட்டு கிடையாது. எல்லாம் மனசில்தான். '15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளி' என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று இழுத்துவிடுவார். (நடு வரிசை 15, மேலும் கீழும் 14, 13 என்று குறைந்து 8-ல் முடியும். மொத்தம் 169 புள்ளி. தாத்தா கூட்டிச் சொல்வார்.) கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்த புதிதில் தாத்தா ஒரு காரியம் செய்தார். அப்பத்தாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, கோடு எந்தப் புள்ளியில் தொடங்கி எதைச் சுற்றி எங்கே போகிறது என்று கேட்டுக் கேட்டு, பேசிக் மொழியில் ஒவ்வொரு கோலமாக அடித்தார். ஒரு கோலத்துக்கு ஒரு ஃபைல். அப்புறம் டிஸ்க் டிரைவ் படுத்துவிட்டது, கம்ப்யூட்டர் பரணுக்குப் போனது. அப்பத்தா 2021-ல் போய்ச் சேர்ந்தார். அந்தக் கோலங்கள் வேறு எங்கேயும் இல்லை. ஐந்தேகால் அங்குல ஃப்ளாப்பி ஒன்றில் மட்டும் இருந்தன, இருந்தால்.

முதல் வேலை, ஸ்விட்சைப் போடாமல் இருப்பது. பழைய பிபிசி மைக்ரோவின் பவர் சப்ளையில் கரண்ட் நுழையும் இடத்தில் இருக்கும் கெப்பாசிட்டர்களின் உறை வயதாக ஆக விரிசல் விடும், ஈரம் உள்ளே போகும். ரொம்ப நாள் கழித்து கரண்ட் கொடுத்தால் பட்டாசு மாதிரி வெடித்து வீடு முழுக்கப் புகை. ராஜபாளையத்தில் ஒரு டிவி மெக்கானிக்கிடம் கொண்டுபோய் அவற்றைக் கழற்றிவிட்டு எக்ஸ்2 வகை கெப்பாசிட்டர் புதிதாகப் போட்டார்கள். அதன் பிறகு ஸ்விட்ச். 'பீ...பீப்' என்ற அந்த இரட்டைச் சத்தம் கேட்டதும் தாத்தா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

கம்ப்யூட்டருக்கு உயிர் இருந்தது. டிரைவுக்கு இல்லை. மோட்டார் சுற்றவில்லை, போர்டில் கருகின அடையாளம். அதைத் தட்டிக்கொட்டிக்கொண்டு நாளைக் கடத்துவதைவிட வேறு டிரைவ் பார்ப்பது மேல் என்று முடிவானது.

எந்த டிரைவ்? இங்கேதான் பலர் சறுக்குவது. பிசியில் இருந்த மூன்றரை அங்குல டிரைவை பிபிசியில் இணைக்க முடியும். ஆனால் ஐந்தேகால் அங்குல டிஸ்கை அதற்குள் நுழைக்க முடியாது. ஐந்தேகால் அங்குலத்திலேயே பிசிக்கு இரண்டு வகை வந்தன. 1.2 எம்பி டிரைவ் நிமிஷத்துக்கு 360 சுற்று சுற்றும், 80 டிராக். பிபிசி எதிர்பார்ப்பது 300 சுற்று. தாத்தாவின் டிஸ்க் 40 டிராக். டிராக்குக்கு 10 செக்டர், செக்டருக்கு 256 பைட், ஆக ஒரு பக்கத்துக்கு 100 கிலோபைட். இதற்குச் சரியான ஜோடி பழைய பிசி எக்ஸ்டியில் இருந்த 360 கேபி டிரைவ். அதுவும் 40 டிராக், அதுவும் 300 சுற்று.

நூல் மில் ஊரில் இருப்பதில் ஒரு லாபம் உண்டு. 80களின் கடைசியில் கணக்கு எழுதுவதற்கென்று எக்ஸ்டி வாங்கிய ஆபீஸ்கள் ராஜபாளையத்தில் இருந்தன. பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் மூன்றாவது சனிக்கிழமை காலை அந்த டிரைவ் கிடைத்தது. எடைக்கு எடை, இரும்பு விலை. கூடவே ஒரு பழைய ஃப்ளாப்பி கேபிளும் இனாம். ஹெட்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, ஹெட் நகரும் கம்பிகளைச் சுத்தம் செய்து, துளி எண்ணெய் விட்டு, சாயங்காலம் பஸ் ஏறினான்.

பவருக்குப் பழைய பிசியின் எஸ்எம்பிஎஸ். அதில் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் சேர்த்துவிட்டால் போர்டு இல்லாமலே ஓடும். டிரைவுக்கு சிவப்பு 5 வோல்ட், மஞ்சள் 12 வோல்ட், நடுவில் இரண்டு கறுப்பு. கம்ப்யூட்டருக்கு அடிப்பக்கம் டிஸ்க் டிரைவுக்கென்று 34 முள் கொண்ட சாக்கெட் இருக்கிறது. அதில் கேபிளின் ஒரு முனை, டிரைவில் மறு முனை. டிஸ்க் போட்டு, நட்சத்திரக் குறி வைத்து 'கேட்' என்று அடித்தான். டிஸ்கில் இருக்கும் ஃபைல்களின் பட்டியல் வர வேண்டும்.

போட்டது கோல டிஸ்க் இல்லை. தாத்தாவின் பெட்டியில் கிடந்த, யாருக்கும் வேண்டாத ஒரு டிஸ்க். இதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். கேபிளைத் தலைகீழாகச் செருகிவிட்டால் டிரைவின் எல்லா சிக்னலும் ஒரே நேரத்தில் 'ஆன்' ஆகிவிடும். அதில் 'எழுது' என்ற சிக்னலும் ஒன்று. விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் அதுதான் அடையாளம். அந்த நேரத்தில் உள்ளே இருக்கும் டிஸ்கின் கதி அதோகதி. எனவே முதல் சோதனைக்கு நல்ல டிஸ்கைப் போடவே கூடாது. அதோடு, ஐந்தேகால் அங்குல டிஸ்கில் ஓரத்து வெட்டை ஸ்டிக்கர் ஒட்டி மூடினால்தான் எழுதவிடாது. மூன்றரை அங்குலத்தில் ஓட்டை திறந்திருந்தால் எழுதவிடாது. இரண்டும் நேர் எதிர். கோல டிஸ்கின் வெட்டை அவர்கள் முதல் நாளே ஒட்டி மூடிவிட்டார்கள்.

பட்டியல் வரவில்லை. டிரைவ் மோட்டார் சுற்றியது. ஆனால் விளக்கு எரியவில்லை. கம்ப்யூட்டர் எதற்கோ காத்துக்கொண்டே நின்றது. பிரேக் விசையை அழுத்தித்தான் வெளியே வர முடிந்தது. மறுபடி அடித்தான். மோட்டார் சுற்றும், விளக்கு எரியாது.

"டிரைவ் போச்சுடா. இரும்புக் கடையில வாங்குனா இப்பிடித்தான்" என்றார் தாத்தா.

"மோட்டார் சுத்துதே தாத்தா?"

"அப்ப கம்ப்யூட்டர் போச்சு."

இரண்டு பேரும் அன்று ராத்திரி அதிகம் பேசவில்லை. தாத்தா டிஸ்கை உறையில் போட்டு, பீரோவில் அப்பத்தாவின் புடவைகளுக்கு நடுவில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டார்.

மறுநாள் காலை பேரன் ஒரு பேப்பரில் 34 முள்ளையும் வரைந்தான். ஒற்றைப்படை எண் எல்லாம் கிரவுண்டு, அதில் வேலையில்லை. இரட்டைப்படையில்தான் சமாச்சாரம். 10-வது முள்: 'பூஜ்யம் டிரைவே, உன்னைத்தான்'. 12: 'ஒன்றாம் டிரைவே, உன்னைத்தான்'. 16: மோட்டாரைச் சுற்று. 18, 20: ஹெட்டை நகர்த்து. 30: படித்த தகவல். இது ஷுகார்ட் என்ற அமெரிக்க டிரைவ் கம்பெனி வகுத்த முறை. அந்தக் கால வீட்டுக் கம்ப்யூட்டர்கள் பலவும் இதையே கொஞ்சம் முன்னே பின்னே மாற்றிப் பயன்படுத்தின.

அதாவது ஒரே கேபிளில் எல்லா டிரைவும் தொங்கும். எல்லாக் கட்டளையும் எல்லோர் காதிலும் விழும். யார் நம்பர் கூப்பிடப்படுகிறதோ அவர் மட்டும் பதில் சொல்ல வேண்டும். தாத்தாவுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. "அட்டெண்டன்ஸ் மாதிரி" என்றார்.

டிரைவுக்குத் தன் நம்பர் எப்படித் தெரியும்? அதன் போர்டில் நாலு ஜோடி முள் இருக்கும். டி.எஸ்.0 முதல் டி.எஸ்.3 வரை. (சில கம்பெனிகள் 1 முதல் 4 வரை என்று அச்சடித்து வைத்திருக்கும். கவனிக்க.) ஜம்பர் எந்த ஜோடியில் மாட்டியிருக்கிறதோ அதுதான் நம்பர். பிசியிலிருந்து வந்த டிரைவ்களில் ஜம்பர் எப்போதும் இரண்டாவது இடத்தில், அதாவது ஒன்றில் இருக்கும். ஐபிஎம் செய்த ஏற்பாடு அது. எல்லா டிரைவையும் ஒரே மாதிரி வைத்துவிட்டு, எது ஏ, எது பி என்பதைக் கேபிளில் முடிவு செய்தார்கள். அதற்காகத்தான் பிசி ஃப்ளாப்பி கேபிளின் கடைசி முனைக்கு முன்னால் 10 முதல் 16 வரையுள்ள ஏழு வயர்களை மட்டும் பிய்த்து முறுக்கித் திருப்பிப் போட்டிருப்பார்கள்.

பேரன் கேபிளைப் பார்த்தான். டிரைவை மாட்டியிருந்தது அந்த முறுக்குக்கு அப்பால் இருந்த கடைசி முனையில்.

பேப்பரில் கோடு போட்டதும் எல்லாம் தெரிந்துவிட்டது. முறுக்கில் 10 போய் 16-ல் விழுகிறது. கம்ப்யூட்டர் 'பூஜ்யமே' என்று கூப்பிட்டது, டிரைவுக்கு 'மோட்டாரைச் சுற்று' என்று கேட்டிருக்கிறது. அதனால் சுற்றியது. டிரைவ் தன் பெயருக்காகக் காது கொடுத்துக்கொண்டிருந்த 12-வது முள்ளுக்கு முறுக்கு வழியாக வந்தது கம்ப்யூட்டரின் 14-வது முள். அங்கே யாரும் எதுவும் பேசவில்லை. அதனால் விளக்கு எரியவில்லை. டிரைவும் கெடவில்லை, கம்ப்யூட்டரும் கெடவில்லை. ஒருவர் கூப்பிட்டது இன்னொருவருக்கு வேறாகக் கேட்டது, அவ்வளவுதான்.

கத்தரிக்கோல்கூடத் தேவைப்படவில்லை. அந்தக் கேபிளில் முறுக்குக்கு முன்பாக, நடுவில் இன்னொரு ஜோடி கனெக்டர் இருந்தது. அங்கே வயர்கள் நேராக வருகின்றன. டிரைவை அதில் மாட்டி, ஜம்பரைத் தொடாமல், 'கேட் 1' என்று அடித்தான். விளக்கு எரிந்தது. பட்டியல் வந்தது. ஒன்று என்று கூப்பிட்டால் ஒன்று பதில் சொல்கிறது. பிறகு ஜம்பரை ஒரு இடம் தள்ளி பூஜ்யத்தில் மாட்டினான். இப்போது வெறும் 'கேட்' என்றாலே பதில் வந்தது.

"இருபத்தஞ்சு வருஷமா எவன் வீட்லயோ ஒண்ணா இருந்துட்டு நம்ம வீட்டுக்கு வந்து பூஜ்யமாயிட்டான் பாவம்" என்றார் தாத்தா. மார்கழி பிறந்ததிலிருந்து அவர் அடித்த முதல் ஜோக் அதுதான்.

அதற்கு அடுத்த சனிக்கிழமைதான் கோல டிஸ்கை எடுத்தார்கள். உறையின் நீள வெட்டு வழியாக டிஸ்கைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்த்தான். பூஞ்சை பிடித்திருந்தால் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். அப்படியே டிரைவில் போட்டால் டிஸ்கும் போகும், ஹெட்டும் அழுக்காகும். ஓரத்தில் லேசாக ஒரு இடத்தில் மட்டும் இருந்தது. மற்றபடி சுத்தம். புடவை பீரோவின் புண்ணியம்.

'கேட்'. திரையில் இரண்டு வரிசையாகப் பெயர்கள். அந்த டிஸ்க் முறையில் ஒரு பட்டியலில் 31 ஃபைல்தான், ஒரு பெயருக்கு ஏழு எழுத்துதான். தாத்தா வைத்திருந்த பெயர்கள் கோலத்தின் பெயர்கள் அல்ல. நாள்கள். எந்த நாளில் அப்பத்தா வாசலில் போட்டாரோ அந்தத் தேதி. மொத்தம் 22.

ஒரு ஃபைலையும் ஓட்டிப் பார்க்க அவன் விடவில்லை. முதலில் நகல். பழைய டிஸ்க் எத்தனை முறை படிக்கும் என்று சொல்ல முடியாது. நகல் எடுக்க அவன் கோடெக் என்ற சின்னப் பெட்டி ஒன்றை வாங்கி வைத்திருந்தான். எம்பிராய்டரி மெஷின், சிஎன்சி மெஷின் போன்று ஃப்ளாப்பியை நம்பியே இருக்கும் பழைய இயந்திரங்களுக்காகச் சீனாவில் செய்வது. வெளியே பார்க்க ஃப்ளாப்பி டிரைவ், உள்ளே பென்டிரைவ். அதில் கெய்ர் ஃப்ரேசர் எழுதிய ஃப்ளாஷ்ஃப்ளாப்பி என்ற இலவச மென்பொருளை ஏற்றிவிட்டால் பிபிசியின் டிஸ்க் வடிவத்தையும் புரிந்துகொள்ளும். 5 வோல்ட் மட்டும் போதும். அதே கேபிளின் நடு ஜோடியில் மிச்சமிருந்த கனெக்டரில் அதை மாட்டி, அதன் ஜம்பரை ஒன்றில் வைத்தான். பழைய டிரைவ் பூஜ்யம், பென்டிரைவ் ஒன்று. முந்தைய வாரம் கற்ற பாடம் இப்போது வசதியாகப் போயிற்று. பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்குக் காப்பி என்று ஒரே வரி.

ஒவ்வொரு ஃபைலாகப் போனது. பதினேழாவதில் நின்றது. 'டிஸ்க் ஃபால்ட் 0இ'. படித்த தகவல், அதோடு பதிந்திருந்த சரிபார்ப்பு எண்ணோடு பொருந்தவில்லை என்று அர்த்தம். அந்தப் பூஞ்சை இடமாக இருக்க வேண்டும். மற்றவற்றைத் தனித்தனியாக எடுத்தார்கள். ஹெட்டைத் துடைத்துவிட்டு அந்த ஒன்றை மறுபடி, மறுபடி. வரவில்லை. 22-ல் 21.

பிறகுதான் ஓட்டினார்கள். கறுப்புத் திரையில் முதலில் புள்ளிகள் வரிசை வரிசையாக விழுந்தன. பின்பு ஒரு கோடு கிளம்பி, புள்ளிகளைச் சுற்றி வளைந்து வளைந்து போய், புறப்பட்ட இடத்துக்கே திரும்பியது. அது வேகமாக இல்லை. தாத்தா வேண்டுமென்றே ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவில் கொஞ்சம் தாமதம் வைத்து எழுதியிருந்தார். அப்பத்தாவின் கை போகிற வேகம் அது என்றார்.

கோலமும் கம்ப்யூட்டரும் சேர்வது புதுசு இல்லை. தாம்பரத்தில் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1970களிலேயே கோலங்களுக்கு இலக்கணம் எழுதி, 1974-ல் ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஒரு சின்ன வடிவத்திலிருந்து விதிகளின்படி பெரிய கோலம் எப்படி வளர்கிறது என்பது அதன் சாரம். தாத்தாவுக்கு அந்தக் கட்டுரை பற்றி அப்போது தெரியாது. அவர் செய்தது ஒரு வீட்டின் கோலத்தை அந்த வீட்டுக்காரர் வாயாலேயே கேட்டு எழுதி வைத்தது மட்டும்தான். ஆனால் எழுதி வைத்தது ஒரே டிஸ்கில், ஒரே பிரதி. அவர் கணக்கில் விட்ட தப்பு அது ஒன்றுதான்.

அந்த 21 ஃபைலும் இப்போது ராஜபாளையத்தில் ஒரு லேப்டாப்பிலும், இரண்டு பென்டிரைவிலும், பேரன், அத்தை, சித்தப்பா எல்லோருடைய மெயிலிலும் இருக்கின்றன. பிபிசி மைக்ரோ போல நடந்துகொள்ளும் எமுலேட்டரில் ஓட்டினால் செல்போனிலேயே பார்க்கலாம். அத்தை பார்த்துத்தான் மார்கழி மிச்ச நாள்களில் வாசலில் போட்டார். வராமல் போன பதினேழாவது ஃபைலின் தேதி என்ன கோலம் என்று தாத்தாவுக்கு ஞாபகம் இல்லை. சில நாள் பேப்பரில் புள்ளி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இரும்புக் கடை டிரைவ் இப்போது பரணில் இல்லை, மேஜை மேல் இருக்கிறது. அதன் தலையில் பிளாஸ்திரி ஒட்டி, பால்பாயிண்ட் பேனாவில், வாத்தியார் கையெழுத்தில் எழுதியிருக்கிறது:

"இவன் பூஜ்யம். நடு கனெக்டரில் மாட்டவும். முறுக்கில் மாட்டாதே."